பஞ்சு வெடிக்கும் மாதம்

டெக்சாஸில் குடியேறிய நம்மவர்கள், ஊரிலிருந்து வரும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஹூஸ்டனில் நாசா, பியர்லாண்டில் மீனாட்சி கோயில், சான் அன்டோனியோவில் அலமோவும் ஆற்றங்கரை நடைபாதையும், டாலஸில் கென்னடி சுடப்பட்ட இடம். டாலஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை அனுப்பிய பட்டியலும் இதேதான். அதில் ஓர் ஊரைச் சேர்க்கச் சொன்னேன்: லப்பக்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அங்க ஒண்ணுமே இல்லீங்க மாமா" என்றார். மகள் போனை வாங்கி, "அப்பா, அது காத்தும் புழுதியும் அடிக்கிற ஊருங்கப்பா. காலேஜ்ல படிக்கிற பசங்கதான் போவாங்க" என்றாள். இரண்டு பேரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை என்பது பேச்சில் தெரிந்தது. ஆனாலும் இல்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் பவானியைப் பற்றியும் வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கூடுதுறையில் முழுக்குப் போடுவார்கள், திதி கொடுப்பார்கள், சங்கமேஸ்வரரைக் கும்பிடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் கலெக்டர் வில்லியம் கரோ வேதநாயகி அம்மனுக்கு 1804இல் கொடுத்த தந்தக் கட்டிலைப் பற்றி விசாரிப்பார்கள். அம்மனைத் தரிசிக்க அவர் மதிலில் போட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் துளைகளில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். கடையில் ஒரு ஜமக்காளம் வாங்குவார்கள். அது விசைத்தறியில் ஓடியதா, குழித்தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்ததா என்று கேட்கமாட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஈரோடு. பவானியில் கோயிலை விட்டால் ஒன்றுமில்லை என்று ஊரில் போய்ச் சொல்லிவிடுவார்கள். நாலு தெரு தள்ளி நடந்திருந்தால் அந்த ஊர் எதைச் செய்து பிழைத்தது என்று காதிலேயே விழுந்திருக்கும்.

லப்பக் என்ற பெயர் என் காதில் விழுந்தது நூல் விலை வழியாக. ஜமக்காளம் நெய்யும் கூட்டுறவுச் சங்கமொன்றில் நான் கணக்கு எழுதினேன். நெசவாளிக்குக் கூலி ஏறுவது ஆமை வேகம். நூல் விலை ஏறுவது ஒரே ராத்திரியில். 2011 மார்ச்சில் உலகச் சந்தையில் பஞ்சு ஒரு பவுண்டு இரண்டு டாலரைத் தாண்டியது. எங்கள் சங்கத்துக்கு நூல் போடும் ஏஜென்ட் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணத்தோடு வருவார். அந்தக் கோடையில் அவர் சொன்ன காரணம், "டெக்சாஸ்ல மழையில்லீங்க." நான் சிரித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஆண்டு வறட்சியில் மேற்கு டெக்சாஸில் விதைத்த பருத்தியில் பாதிக்கு மேல் அறுவடைக்கே வரவில்லை. லப்பக்கைச் சுற்றியுள்ள அந்தச் சமவெளிதான் அமெரிக்காவிலேயே ஒரே விரிப்பாக அதிகப் பருத்தி விளையும் நிலம் என்று பிறகு படித்தேன். பவானியில் ஒரு தறி நிற்பதற்கும் அங்கே ஒரு மேகம் வராததற்கும் தொடர்பிருந்தால், அந்த ஊரை ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா?

போவது என்று ஆனபின் எந்த மாதம் என்பதுதான் கேள்வி. மகள் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூன் மாதத்தைச் சொன்னாள். அங்கே மே மாதத்தில்தான் விதைக்கிறார்கள். ஜூனில் போனால் முளைத்த செடியைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கு முந்திய மாதங்களில் புழுதிப் புயல். ஏப்ரல் முதல் ஜூன் வரை சுழற்காற்றுக் காலம் வேறு. 1970 மே 11 இரவு லப்பக் நகரத்தின் நடுவிலேயே சுழற்காற்று இறங்கி 26 பேர் இறந்துபோனார்கள். அந்த அழிவை ஆராய்ந்த ஃபுஜிடா என்ற ஜப்பானிய அறிஞர் அடுத்த ஆண்டு வெளியிட்ட அளவுகோலை ஒட்டித்தான் இன்றும் சுழற்காற்றுகளைத் தரம் பிரிக்கிறார்கள். இதை வீட்டில் வாய் தவறிப் படித்துக் காட்டியதும் என் மனைவி, "அந்த மாசத்துல நான் வல்லீங்க" என்று முடித்துவிட்டார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

செப்டம்பரில் காய் வெடிக்கத் தொடங்கும். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதலிலோ உறைபனி விழுந்து இலை கருகும், இல்லையென்றால் மருந்தடித்து இலையை உதிர்ப்பார்கள். அதன் பிறகுதான் அறுவடை இயந்திரம் இறங்கும். பஞ்சரவை ஆலைகள் தை மாதம் வரைக்கும்கூட ஓடும். ஆகவே நவம்பர் முதல் வாரம் என்று நாள் குறித்தேன். கொரோனா ஓய்ந்த பிறகு சென்னையில் சுற்றுலா விசாவுக்கு நேர்காணல் தேதி கிடைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்ததால் யோசிக்க நேரம் தாராளமாகவே கிடைத்தது. நேர்காணல் என்னவோ டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

பெட்டி கட்டுவதில்தான் வீட்டில் சண்டை. ஒரு பெட்டிக்கு 23 கிலோ. ஜமக்காளத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது விமானத்தில் போவதற்காக நெய்யப்பட்டதல்ல. கொள்ளுப் பொடியையும் எள்ளுருண்டையையும் ஊறுகாயையும் இறக்கினால்தான் இரண்டாவது ஜமக்காளம் ஏறும் என்று நான் சொல்ல, மனைவி ஜமக்காளத்தை இறக்கினார். கறிவேப்பிலையை மட்டும் இரண்டு பேரும் பேசாமல் விட்டுவிட்டோம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலையை உள்ளே விடுவதில்லை. நம்மூர்ப் பருத்திக் காய் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே ஒரு விவசாயியின் கையில் கொடுக்க வேண்டும் என்றிருந்தேன். விசாரித்ததில் அதுவும் கூடாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பல பத்தாண்டு பாடுபட்டு ஒழித்து, 2018 அக்டோபரில்தான் தங்கள் பருத்திக் காட்டில் அது இல்லவே இல்லை என்று அறிவித்திருந்தார்கள். நம் நாட்டில் அந்தப் புழு விவசாயியை அழவைத்துக்கொண்டிருக்கிறது. விதையுள்ள பஞ்சை விடமாட்டார்கள், நியாயம்தான். நெய்து முடித்த ஜமக்காளத்துக்குத் தடையில்லை.

சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து ஒரே பறப்பில் பதினாறு மணி நேரம், டாலஸ். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கால் வீங்கியது.

லப்பக் பயணத்தை மாப்பிள்ளை சனி, ஞாயிறில் போட்டிருந்தார். விடுதி வாடகை வழக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. காரணம் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். 1923இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி சொந்த ஊரில் ஆடும் சனிக்கிழமைகளில், சுமார் 60 ஆயிரம் பேர் கொள்ளும் மைதானம் நிறைந்துவிடுமாம். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகையே சுமார் 2 லட்சத்து 57 ஆயிரம்தான். பவானிக்கு ஆடிப் பதினெட்டு அன்று வந்து அறை கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. பயணத்தை வாரநாட்களுக்கு மாற்றினோம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்து, விமானமா காரா? டாலஸிலிருந்து லப்பக் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். "எதுக்குங்கப்பா அவ்வளவு தூரம் கார்ல?" என்றாள் மகள். பவானியிலிருந்து சென்னைக்கு இதைவிடக் குறைந்த தூரத்துக்கு வாழ்நாளெல்லாம் ராத்திரி பஸ்ஸில் போனவனிடம் கேட்கிற கேள்வியா அது. வழியில் இரண்டு ஊர்களைப் பார்க்க வேண்டும் என்று வரைபடத்தில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஒன்று ரோஸ்கோ. அபிலீனைத் தாண்டி ஸ்வீட்வாட்டர் பக்கம் வந்ததிலிருந்தே காற்றாலைகள் தொடங்கிவிட்டன. ரோஸ்கோவில் 627 காற்றாலைகள், 781.5 மெகாவாட், 2009இல் முடிந்தபோது உலகிலேயே பெரிய காற்றாலைப் பண்ணை அதுதான். எல்லாம் பருத்திக் காட்டுக்குள்ளேயே நட்டவை. மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏனுங்க, நம்ம பல்லடம் தாராபுரம் பக்கம் போறாப்பலயே இருக்குதுங்க" என்றார். காற்றுக்கு வாடகை வாங்கிப் பருத்தி நட்டத்தை ஈடுகட்டுகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதுவும் உடுமலைப் பக்கம் கேட்ட பேச்சுதான்.

இன்னொன்று போஸ்ட். காலை உணவுத் தானியம் விற்றுப் பெரும் பணக்காரரான சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் 1907இல் வெறும் புல்வெளியில் உருவாக்கிய ஊர். மழை வரவில்லை என்றதும் மனிதர் மலை விளிம்பில் டைனமைட்டை வரிசையாக வைத்து வெடித்து வானத்தை உலுக்கப் பார்த்தார். சில ஆண்டுகள் இந்தக் கூத்து நடந்தது. மழைக்கஞ்சி காய்ச்சுவதும் கழுதைக்குக் கல்யாணம் செய்வதும் செலவு குறைவு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தது வேறு: உள்ளூர்ப் பருத்தியை உள்ளூரிலேயே நூற்று, படுக்கை விரிப்பாகவும் தலையணை உறையாகவும் நெய்து விற்க அவர் ஓர் ஆலையும் தொடங்கினார். காடு, அரவை, நூற்பு, நெசவு எல்லாம் ஓர் ஊருக்குள். ஈரோட்டுக்காரன் எவனும் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காராமல் இருக்கமாட்டான். ஆலை எப்போதோ மூடிவிட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

போஸ்ட்டைத் தாண்டியதும் சாலை ஒரு மேட்டில் ஏறுகிறது. ஏறியபின் இறங்குவதேயில்லை. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல் அப்படியே தட்டையாகக் கிடக்கிறது நிலம். மரமில்லை, மேடில்லை, கண்ணுக்குத் தெரிகிற ஆறில்லை. இரண்டு பக்கமும் வெடித்த பருத்தி அடிவானம் வரைக்கும். "ஆறில்லாத ஊருல என்னத்தைங்க பாக்கறது" என்று டாலஸிலிருந்து கேட்டுக்கொண்டே வந்த மனைவி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் பெண் ஒருவரின் சித்தப்பா லப்பக்குக்குத் தெற்கே பருத்தி போடுகிறவர். எந்த நாள் வரலாம் என்று முன்கூட்டியே கேட்டதற்கு, நாள் சொல்ல முடியாது என்றிருந்தார். வெயில் காய்ந்தால் அவர் காட்டில் இருப்பார், தூறல் விழுந்தால் வீட்டில் இருப்பார். எப்படியானாலும் காலையில் வரவேண்டாம், பனி ஈரம் உலர்ந்த பிறகு மதியம் வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். பயணத் திட்டம் பற்றி எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதுபோல் உருப்படியானது வேறில்லை. ஆகவே காலைப் பொழுதுகள் ஊருக்கு, மதியங்கள் காட்டுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 22 வயதில் விமான விபத்தில் இறந்துபோன பாடகர் பட்டி ஹாலி பிறந்த ஊர் அது. பழைய ரயில் நிலையத்தில் அவருக்கு நினைவகம் வைத்திருக்கிறார்கள், அவருடைய கறுப்புச் சட்டக் கண்ணாடி அங்கே இருக்கிறது. மெக்கன்சி பூங்காவில் வேலி போட்டுப் புல்வெளி நாய் என்ற கொறிப்பிராணிகளைக் காப்பாற்றுகிறார்கள். பெயர்தான் நாய், ஆள் பார்த்தால் கொழுத்த அணில். மனைவி அங்கிருந்து நகர மறுத்தார். 2009 வரைக்கும் ஊர் எல்லைக்குள் கடைகளில் மது பாட்டில் விற்க முடியாதாம். எல்லைக்கு வெளியே ஒரு வரிசைக் கடைகளுக்குப் போய் வாங்கிவருவார்களாம். குமாரபாளையத்துப் பாலத்தைக் கடந்து அடுத்த மாவட்டத்துக் கடைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் அதற்குச் சட்டம் காரணமில்லை.

காட்டில் அறுவடை இயந்திரம் ஒன்றுதான் ஓடியது. அதற்குள் ஒரே ஓர் ஆள். "பறிக்கற ஆளுங்க எங்கீங்க?" என்று மனைவி கேட்டதை மாப்பிள்ளை சொன்னதும் விவசாயி தன்னைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். இயந்திரம் பஞ்சை மட்டும் பறிப்பதில்லை. காயோடும் தொலியோடும் செடியை உருவிக்கொண்டு போகிறது. காற்றில் பஞ்சு கொட்டிவிடாமல் ஓட்டுக்குள் இறுகிப் பிடித்திருக்கும் ரகங்கள் அங்கே என்பதால் இந்த முறை. உருவியதை உள்ளேயே சுருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றி, ஆள் உயர உருளையாக வெளியே தள்ளிவிடுகிறது. எங்கள் பக்கம் பெண்கள் மடியில் துணி கட்டிக்கொண்டு ஒரே காட்டுக்கு இரண்டு மூன்று முறை போய்ப் பறிப்பார்கள். பஞ்சு சுத்தமாக இருக்கும். இங்கே ஒரே ஓட்டம், குச்சியும் சருகும் ஆலையின் தலைவலி.

அந்த ஆலைக்கும் போனோம். உருளையைப் பிரித்து, உலர்த்தி, குச்சி நீக்கி, ரம்பப் பற்களில் விதை பிரித்து, அழுத்திக் கட்டினால் ஒரு பேல் 480 பவுண்டு, நம் கணக்கில் 218 கிலோ. நம் நாட்டு பேல் 170 கிலோ. கணக்கு எழுதிய கைக்கு இதுவெல்லாம் இனிப்பு. ஒவ்வொரு பேலிலிருந்தும் கிள்ளிய பஞ்சு லப்பக்கில் இருக்கும் வேளாண் துறையின் தரம்பார்க்கும் அலுவலகத்துக்குப் போகிறது. இழை நீளம், வலு, மென்மை எல்லாவற்றையும் இயந்திரம் அளந்து எண் கொடுத்துவிடும். நம் பக்கத்துப் பழைய ஆட்கள் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பஞ்சை இழுத்துப் பார்த்தே ரகம் சொல்வார்கள். நான் அப்படி இழுத்துக் காட்ட, ஆலைக்காரர் தன் அப்பாவும் அப்படித்தான் செய்வார் என்றார்.

பஞ்சு விஷயத்தில் நாங்கள் அந்நியர்கள் இல்லை என்பதையும் சொன்னேன். எங்கள் பக்கம் கம்போடியாப் பருத்தி என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது, கம்போடியா வழியாக வந்த அமெரிக்க இனம்தான். அதன் வழியில் கோவையில் உருவாக்கி 1968இல் வெளியிட்ட எம்.சி.யு. 5 ரகம் பிறகு நாடெங்கும் நூற்பாலைகளுக்குப் பிடித்துப்போனது. விவசாயி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் ஊரில் பாசனம் எப்படி என்றார். அவர் நிலத்தடியில் இருப்பது ஒகலாலா நீரடுக்கு, எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரந்தது. எடுப்பது அதிகம், ஊறுவது சொற்பம். அப்பா காலத்தில் பாய்ந்த காட்டில் பாதியை இப்போது மானாவாரியாக விட்டுவிட்டாராம். ஆயிரம் அடிக்குப் போர்வெல் போடும் எங்கள் மேட்டுக்காட்டுக் கதையைச் சொன்னேன். பவானியில் ஆற்றை மறித்துக் காலிங்கராயன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் இன்றும் ஓடுகிறது என்றபோது, அவர் மாப்பிள்ளையிடம் நூற்றாண்டை இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அவர் வீட்டுக் கூடத்தில்தான் ஜமக்காளத்தை விரித்தேன். சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பட்டைப் பட்டையாக. அவர் பட்டையைப் பார்க்கவில்லை. ஓரத்தைத் திருப்பி நூலைப் பார்த்தார், நகத்தால் நெருடினார். மேற்கு டெக்சாஸ் பஞ்சு குட்டை இழை, முரட்டுப் பஞ்சு என்று வாங்குகிறவர்கள் வெகுகாலம் விலையைக் குறைத்தார்களாம். அதனால் 1970களில் விவசாயிகள் சேர்ந்து பக்கத்து லிட்டில்ஃபீல்டில் சொந்தமாகவே ஜீன்ஸ் துணி ஆலை போட்டார்கள். முரட்டு நூலுக்கு அதுதான் தோது. நாற்பது வருடம் போல் ஓடி, 2015இல் அதுவும் நின்றது. இப்போது விளைச்சலில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. "இந்த நூலுக்கு எங்கள் பஞ்சு போதும்" என்றார் ஜமக்காளத்தைத் தடவியபடி. ஆமாம் என்றேன். இப்படி ஓர் ஆளிடம் நான் அதிகம் பேசியிருக்கத் தேவையேயில்லை.

சுவரில் மாட்டப்போவதாக அவர் மனைவி சொன்னார். வேண்டாம், கீழே போட்டு உட்காருங்கள், எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் இதில்தான் உட்காருவோம் என்று என் மனைவி சொல்லி, தானே முதலில் உட்கார்ந்தும் காட்டினார். எள்ளுருண்டை டப்பாவும் அங்கேயே திறக்கப்பட்டது.

கிளம்பும்போது, பவானிக்கு எந்த மாதம் வரலாம் என்று விவசாயி கேட்டார். உபசாரத்துக்குக் கேட்கவில்லை, காலண்டரைக் கையில் எடுத்துவிட்டார். ஜூலை, ஆகஸ்டில் அவர் காட்டை விட்டு நகர முடியாது, ஆகவே ஆடிப்பெருக்கு போயிற்று. ஜனவரியில் பொங்கல் வாரம் தறி நிற்கும். பிப்ரவரியில் வாருங்கள், வெயிலும் ஏறியிருக்காது என்றேன். ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கி இருபது வருடம் நெருங்கியும் குழித்தறிகள் குறைந்துகொண்டேதான் வருகின்றன; ஒரு காலத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கேட்ட சத்தம் இப்போது எந்தத் தெருவில் கேட்கும் என்று தெரிந்தவர் கூட வரவேண்டும், நான் வருகிறேன், தள்ளிப் போடாதீர்கள் என்றும் சொன்னேன். வாரநாளாக இருக்கட்டும், காலை பத்து மணிக்கு மேல்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கூடுதுறை, கோயிலெல்லாம் எப்பங்க மாமா பாக்கறது?"

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை இருக்குதுங்களே மாப்பிள்ளை. அன்னிக்குத்தான் தறி ஓடாதே."